ஆறு மில்லிசெகண்ட் தூரத்தில் சம்பந்தி

"என் சம்பந்தி என் சம்பந்தியே இல்ல," என்றார் வந்தவர், உட்காருவதற்கு முன்பே.

"கல்யாணம் நின்னுபோச்சா சார்?" என்று கேட்டான் கொசுறு.

"பேத்தியே பொறந்தாச்சு."

"அப்ப ரொம்ப லேட்டா நின்னிருக்கு."

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி ஒரு விரலைத் தூக்கினார். கொசுறு வாயை மூடினான். அந்த விரலுக்கு மட்டும்தான் அவன் வாய் கட்டுப்படும்.

ஊர் அவரைத் தராசு என்று அழைத்தது. யார் என்ன சொன்னாலும் இந்தத் தட்டில் ஒரு தடவை, அந்தத் தட்டில் ஒரு தடவை வைத்துப் பார்க்காமல் எடை சொல்லமாட்டார் என்பதால் வந்த பெயர். கொசுறு பெயர் வாங்கிய கதை இன்னும் சுருக்கம். துப்பறியும் அலுவலகத்துக்காக இந்த அறையைப் பேசி முடித்தபோது, பழைய குடித்தனக்காரர் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, நாற்பது வயது உதவியாளன் ஒருவன், மூன்றையும் விட்டுப் போயிருந்தார். தராசு பேரம் பேசியது முதல் இரண்டுக்குத்தான். மூன்றாவது கூடவே வந்தது.

வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தூரப் பார்வைக்கு ஒன்று, கிட்டப் பார்வைக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்திருந்தார். தூரத்துக்கானதைக் கழற்றிப் பையில் போட்டு, தடிமனான மற்றதை மாட்டிக்கொண்டு ஒரு நோட்டைப் பிரித்தார்.

"இது இல்லேன்னா என் உள்ளங்கை ரேகைகூட எனக்குத் தெரியாது," என்றபடி, இன்னொரு பையிலிருந்து இரண்டு சாமான்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஒன்று, கைக்குள் அடங்கும் பழைய வீடியோ கேம். சாம்பல் நிறம், பட்டன்கள் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தன. மற்றது ஒரு நீல நிற சோப்புப் பெட்டி. கேமின் அடியிலிருந்து கிளம்பிய ஒயர் சோப்புப் பெட்டிக்குள் போயிருந்தது. பெட்டியின் மூடியில் நகம் அளவுக்கு ஒரு திரை.

"குளிச்சுக்கிட்டே விளையாடறதுக்கா சார்?"

விரல் எழுந்தது.

"என் பொண்ணு கல்யாணத்துல," என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர், "போட்டோவுல யார் நடுவுல நிக்கிறதுன்னு எனக்கும் சம்பந்திக்கும் ஒரு சின்ன பேச்சு."

"எவ்வளவு சின்னது?" என்றார் தராசு.

"மூணு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. அவரும் மாப்பிள்ளையும் கடல் தாண்டி இருக்காங்க. பொண்ணு பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்தா. பேத்தி பொறந்து இருபத்தோரு நாளாச்சு. நான் எங்க அம்மா பேரை வைக்கணும்கறேன். அவர் அவரோட அக்கா பேரை வைக்கணும்கறார். பேசித் தீர்க்கலாம்னா நாங்க பேசிக்கறது இல்ல. அப்ப என் பொண்ணுதான் இதைக் கொண்டு வந்தா. பேசாட்டி போகுது, ஆடித் தீர்த்துக்கோங்கப்பான்னு."

கட்டைகள் மேலிருந்து விழும், வரிசையாக அடுக்க வேண்டும், அடுக்கு உச்சியைத் தொட்டால் தோல்வி, அதுதான் ஆட்டம். தினமும் மாலை ஆறு மணிக்கு ஒன்று. முதலில் பதின்மூன்று ஆட்டம் ஜெயிப்பவர் பெயர் வைப்பார். ஏற்பாடெல்லாம் பிரசவத்துக்கு முன்பே முடிந்திருந்ததால், குழந்தை பிறந்த மறுநாளே தொடங்கிவிட்டார்கள். விதிகள் எட்டு. அவை பதிவுத் தபாலில் போய், கையெழுத்தாகி, பதிவுத் தபாலிலேயே திரும்பி வந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தன.

"பதினாறு ஆட்டம் முடிஞ்சப்ப எட்டுக்கு எட்டு. அதுக்கப்புறம் நாலு நாளா அவரே ஜெயிக்கிறார். அடிக்கிற அடி அவரோடது இல்ல மேடம். அந்த மனுஷன் கட்டையை வெக்கிறதுக்கு முன்னாடி மூணு தடவை யோசிப்பார். இது யோசிக்கவே இல்ல. வேற யாரையோ உட்கார வெச்சிருக்கார்."

"இப்ப எட்டுக்குப் பன்னிரண்டு."

"இன்னிக்கு ஆறு மணிக்குத் தோத்தா முடிஞ்சுது. நாளைக்கு காலைல பதினோரு மணிக்குள்ள பிறப்புப் பதிவு ஃபாரத்துல பேர் எழுதிக் குடுக்கணும்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்க அம்மா பேர் எங்க வீட்டுல யாருக்குமே இல்ல. நான்தான் கடைசி ஆள்."

தராசு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். பிறகு நோட்டை இழுத்துக்கொண்டார். கண்ணாடி நம்பர் எழுதிப் பழகிய கை. கட்டம் கட்டமாக எல்லாம் இருந்தது. தேதி, வெற்றி, அவருடைய நிறுத்தம், சம்பந்தியின் நிறுத்தம்.

"நிறுத்தம்னா?"

"ஒருத்தர் நிறுத்துற பட்டனை அழுத்தினா ரெண்டு பேருக்கும் ஆட்டம் நின்னுடும். ஆட்டத்துக்கு மூணு தடவை அழுத்தலாம். நான் ஒரு தடவைகூட அழுத்தினதில்ல. அழுத்தினா பயந்துட்டோம்னு அர்த்தம்."

அவருடைய கட்டத்தில் இருபது பூஜ்யங்கள் பெருமையாக நின்றன. சம்பந்தியின் கட்டத்தில் முதல் பதினாறு நாளும் பெரும்பாலும் பூஜ்யம்தான். கடைசி நான்கு நாளும் மூன்று, இரண்டு, மூன்று, மூன்று.

"வயசாச்சு. பாத்ரூம் போறார் போல," என்றார் கண்ணாடிக்காரர் பெருந்தன்மையாக.

"இந்த ஓரத்துல இருக்கிற நம்பர்?"

"அது பேட்டரி. பெட்டி மூடியில காட்டும். ஆரம்பத்துல எரநூத்து நாப்பது, எரநூத்து அம்பதுன்னு நல்லா இருந்துது. நாலு நாளா ஆறுதான். நானும் தினம் புது பேட்டரி போடறேன். ஏறவே மாட்டேங்குது."

தராசு பென்சிலைக் கீழே வைத்தார். அது அவருக்குத் துப்புப் பசி எடுத்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

"நோட்டு எங்ககிட்ட இருக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க. ஆறு மணிக்கு முன்னாடி வர்றோம்."

*

சோப்புப் பெட்டியைச் செய்தவர் கடைத்தெரு முனையில் செல்போன் ரிப்பேர் செய்யும் பெண். ரிப்பேர் அக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆள் அகலத்துக்குக் கடை. அவர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் ஒரு போன் வயிறு திறந்து கிடந்தது. சால்டரிங் புகை மெல்லியதாக மேலே போனது.

"எனக்கும் தங்கச்சிக்கும் ரெண்டு பெட்டி வேணும்மா," என்றார் தராசு, இல்லாத தங்கச்சியின் சார்பில். "அந்தக் கட்டை ஆட்டம் ஆடற பெட்டி. பிங்க் கலர் இருக்கா?"

"பிங்க் போயிடுச்சு. மஞ்சளும் வெள்ளையும்தான் இருக்கு." பின்னால் இருந்த அலமாரியில் இரண்டு காலி சோப்புப் பெட்டிகள் தெரிந்தன. அவற்றின் பக்கத்தில் ஒரு அட்டை: ஆறு நிறம், ஆறு பெட்டி, ஒரே விலை.

"இதுக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கொசுறு மஞ்சளை எடுத்து மோந்து பார்த்தான். "சோப்பு வாசனையே இல்லையே."

ரிப்பேர் அக்காவுக்கு யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று இருந்திருக்க வேண்டும். கருவியைத் தாங்கியில் செருகிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்தக் கேம் முப்பது வருஷத்துப் பழசு. ஒரு மீட்டர் ஒயர்ல ரெண்டையும் சேர்த்து, முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்து ஆடறதுக்காக செஞ்சது. இன்டர்நெட்னு ஒண்ணு இருக்குன்னே அதுக்குத் தெரியாது. நான் ஒயரை நடுவுல வெட்டி, இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி வெச்சேன். கேம் சொல்றதைப் பெட்டி வாங்கி வைஃபைல தூக்கிப் போடும். அங்க இருக்கிற பெட்டி பிடிச்சுக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னா எல்லாரும் செஞ்சிருப்பாங்களே. கேமுக்குப் பொறுமை கிடையாது. இது கேட்டு அது கண் சிமிட்டற நேரத்துக்குள்ள பதில் சொல்லலேன்னா, ஆள் இல்லன்னு ஆட்டத்தை மூடிடும். கடல் தாண்டிப் போய் வர்றதுக்கு அந்த நேரம் எங்க பத்தும்? அதனால என் பெட்டி கொஞ்சம் பொய் சொல்லும். எதிராளி பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கான், இந்தா அவன் பதில்னு, கடைசியா வந்த பதிலை எடுத்து நீட்டும். உண்மையான பதில் மெதுவா பின்னாடி வந்து சேரும். கேமுக்கு சந்தேகமே வராது."

"எங்க பழைய முதலாளி இப்படித்தான் கடன்காரங்களை சமாளிச்சார்," என்றான் கொசுறு.

"மூடில ஒரு நம்பர் வருதே, பேட்டரியா?" தராசு அலட்சியமாகக் கேட்டார்.

ரிப்பேர் அக்கா சிரித்துவிட்டார். "யார் சொன்னா பேட்டரின்னு? செய்தி அங்க போய்த் திரும்பி வர ஆகற நேரம் அது. மில்லிசெகண்ட் கணக்கு. சோதிச்சுப் பார்க்கறதுக்காக வெச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

"எரநூத்து நாப்பதுன்னா?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

"ஆறுன்னா பக்கத்துத் தெருவா?" என்றான் கொசுறு.

"பக்கத்துத் தெருன்னாலும் நெட் கம்பெனி வழியா சுத்திட்டுத்தான் வரும். இருபது முப்பது ஆகும். ஆறுன்னா..." அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு கருவியைக் கையில் எடுத்தார். "எனக்கு வேலை இருக்கு மேடம்."

"ஆறுன்னா ஒரே வைஃபை. ஒரே கூரை," என்று தராசு முடித்து வைத்தார். "செட்டுல ஆறு பெட்டி. நீலம் கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட. பச்சை சம்பந்திகிட்டன்னு வெச்சுக்குவோம். இங்க ரெண்டு இருக்கு. மிச்சம் ரெண்டை யார் வாங்கினா?"

"வாடிக்கையாளர் ரகசியம்."

"நீல பெட்டி யாரோட பேசணும்னு மாத்திக் குடுத்தீங்களா?"

"அதுவும் வாடிக்கையாளர் ரகசியம்."

"மாத்தலேன்னா இல்லன்னு சொல்லியிருப்பீங்க. ரொம்ப நன்றிம்மா."

தெருவில் இறங்கியதும் கொசுறுக்கு வாய் திரும்பக் கிடைத்தது. "அப்ப சம்பந்தி இவர் வீட்டுப் பரண்லயா குடியிருக்கார்?"

"அந்த வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"இவர். இவர் மனைவி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, ஏழு மணிக்கு முன்னாடி வரமாட்டாங்க. பொண்ணு. பேத்தி." கொசுறு விரல் விட்டு எண்ணினான். "அதுல ஒரு ஆளுக்கு இன்னும் கழுத்தே நிக்கல. மேடம், கேஸ் முடிஞ்சுதே."

"பாதி முடிஞ்சுது," என்றார் தராசு. "ஒரு ஆளை ஏமாத்த ஒரு பெட்டி போதும். எதுக்கு ரெண்டு வாங்கணும்?"

*

ஐந்தே கால். கண்ணாடிக்காரர் கூடத்தில் உட்கார்ந்து கட்டைவிரல்களுக்கு உடற்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். "வைஃபை சரியா இருக்கான்னு மாடியில பார்த்துட்டு வர்றோம்," என்று தராசு சொன்னார். அது பொய்யும் இல்லை.

மாடி அறையில் மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தோரு நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். கட்டில் முழுக்கத் துணிகள் மடித்தும் மடிக்காமலும் கிடந்தன.

"குழந்தையைத் தூக்கலாமா?" என்று கொசுறு கையை நீட்டினான்.

"கை கழுவிட்டுத் தூக்குங்க அண்ணா. பாத்ரூம் அந்தப் பக்கம்." சொன்ன மறுகணமே அவள் முகம் மாறியது. "இல்ல, வேணாம், கீழ போய்..."

கொசுறு அதற்குள் உள்ளே போயிருந்தான். தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"மேடம்," என்று உள்ளிருந்து குரல் வந்தது, "இந்த வீட்டு சோப்பு ரொம்ப உசத்தி. ஒயரெல்லாம் இருக்கு."

அவன் கையில் ஒரு பிங்க் சோப்புப் பெட்டி. அதன் வாலில் ஒரு கேம்.

மகள் கட்டிலில் உட்கார்ந்தாள். தராசு பக்கத்திலிருந்த துணிக்குவியலை நகர்த்திவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"மூணு தடவை நிறுத்தினது பாப்பாவுக்காகவா?"

"அழுதா நான் என்ன பண்றது? ஒரு கையால தட்டிக்கிட்டே எவ்வளவு நேரம் ஆட முடியும்?"

"இன்னொரு பெட்டி கடல் தாண்டிப் போயாச்சு. அங்க உங்க வீட்டுக்காரர் அவங்க அப்பாவோட ஆடறார். சரியா?"

மகள் அசந்துபோய்ப் பார்த்தாள். கொசுறும் அப்படித்தான் பார்த்தான். அவனுக்கும் அது புதுச் செய்தி.

"உங்க அப்பா நாலு நாளா உங்களோட ஆடறார்னா," என்று தராசு அவனுக்காகச் சொன்னார், "அதே ஆறு மணிக்கு அங்க சம்பந்தி யாரோட ஆடியிருப்பார்? ஆள் வரலேன்னா ஜெயிச்சதா கணக்குன்னு விதி இருக்கு. சும்மா ஜெயிச்சிருந்தா இந்நேரம் பதிவுத் தபால் பறந்திருக்கும். அவரும் யாரோடயோ ஆடித் தோத்துக்கிட்டுத்தான் இருக்கார்."

"பெட்டியை போன வாரமே கூரியர்ல அனுப்பிட்டேன்," என்றாள் மகள். "ஸ்கோர் சமமாகட்டும்னு காத்திருந்தோம். எட்டுக்கு எட்டு ஆன அன்னிக்கு ரெண்டு பக்கமும் மாத்திட்டோம். இன்னிக்கு நான் ஜெயிச்சா, மாமா ஜெயிச்சுட்டார்னு அப்பா நினைப்பார். அங்க என் வீட்டுக்காரர் ஜெயிச்சா, எங்க அப்பா ஜெயிச்சுட்டார்னு மாமா நினைப்பார். நாங்க ஒரு பேர் வெச்சிருக்கோம். அது மாமா மனசு மாறிச் சொன்ன பேர்னு அப்பாகிட்ட சொல்லுவேன். அது எங்க அப்பா சொன்ன பேர்னு மாமாகிட்ட அவர் சொல்லுவார். ரெண்டு பேரும்தான் பேசிக்கறதே இல்லையே. கடைசி வரைக்கும் தெரியவே போறதில்ல."

கொசுறு பிங்க் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி மரியாதையாக மேஜைமேல் வைத்தான்.

"ரெண்டு பேரும் மோசமானவங்க இல்ல மேடம். ஆனா இருபத்தோரு நாளா என் பொண்ணு அவங்களுக்கு ஒரு கோப்பை. எடுத்து வெச்சு ஆடறாங்க. யாருமே என்னை ஒரு வார்த்தை கேட்கல." அவள் குனிந்து, தராசின் காதில் அந்தப் பெயரைச் சொன்னாள். "ராத்திரி பால் குடுக்கும்போது அப்படித்தான் கூப்பிடறேன். திரும்பிப் பார்க்கறா."

தராசு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினார். "ஏழாவது விதியைப் படிச்சிருக்கீங்களா?"

மகள் படித்தாள். தோற்றவர் அரைமணி நேரத்துக்குள் தாமே போனில் அழைத்துத் தம் வாயால் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இது எங்களுக்குத் தெரியாதே."

"பதிவுத் தபால்ல போனது. உங்களை யாரும் கேட்கலன்னு நீங்களே சொன்னீங்களே. ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு நான் தோத்துட்டேன்னு சொல்லப் போறாங்க. இதுல யார் முதல்ல வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்கறாரோ, அவருக்குப் பேர் சும்மா கிடைச்சுடும்."

குழந்தை தூக்கத்தில் ஏப்பம் விட்டது. மகளின் கை தானாகத் தட்டிக்கொடுத்தது.

"அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"நான் அவர்கிட்ட வேலை எடுத்தவ. மறைக்க மாட்டேன்," என்று எழுந்தார் தராசு. "ஆனா எதை முதல்ல சொல்றதுன்னு நான் முடிவு பண்ணலாம். கடையில விலையை முதல்ல சொன்னா வந்தவர் எழுந்து போயிடுவார். துணியை முதல்ல விரிச்சுக் காட்டணும்."

*

"ஒரு நல்ல சேதி," என்றார் தராசு, கூடத்துக்கு வந்ததும். "உங்க சம்பந்தியும் தோத்துக்கிட்டு இருக்கார். அவர் கணக்குலயும் எட்டுக்குப் பன்னிரண்டுதான்."

கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது. "அப்படியா?" பிறகு அது மெதுவாகச் சுருங்கியது. "நான் எட்டு, அவரும் எட்டுன்னா, பன்னிரண்டு யாரு?"

தராசு முதலில் பேட்டரி பேட்டரியே இல்லை என்பதை மட்டும் விளக்கினார். இருநூற்று நாற்பது எவ்வளவு தூரம், ஆறு எவ்வளவு தூரம் என்று சொன்னார். கண்ணாடிக்காரர் நீலப் பெட்டியைப் பார்த்தார். சுவரோரம் ஓடிய வைஃபை ஒயரைப் பார்த்தார். கடைசியில் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

"என் வீட்டு மாடியிலயா?"

"அங்க அவர் வீட்டு மாடியில உங்க மாப்பிள்ளை."

"நான் கட்டை அடுக்கக் கத்துக்கிட்டதே அவகிட்டதான்." எழுந்து மாடிப்படி வரை போனார். கைப்பிடியைப் பிடித்தார். அங்கேயே நின்று திரும்பினார். "அவரும் நாலு ஆட்டமும் தோத்தாரா?"

"நாலும்."

"பெத்த பையன்கிட்ட?"

"பெத்த பையன்கிட்ட."

உதட்டின் ஓரத்தில் ஏதோ ஒன்று கிளம்பியது. அதை அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்போது தராசு மிச்சத்தையும் சொன்னார்: மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது, ராத்திரியில் அந்தப் பெயருக்குக் குழந்தை திரும்பிப் பார்க்கிறது, யாரும் யாரையும் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர் நோட்டைத் திருப்பிக் கடைசி நாலு கட்டத்தைப் பார்த்தார்.

"இந்த நாலு ஆட்டமும் செல்லாதுன்னு நான் சொல்லலாம் இல்லையா?"

"தாராளமா. மறுபடி எட்டுக்கு எட்டு. ஃபாரம் நாளைக்கு."

கடிகாரம் ஆறு காட்டியது. அவர் ஒயரைச் செருகினார். மூடியில் எண் வந்தது: ஆறு.

கட்டைகள் விழ ஆரம்பித்தன. கண்ணாடிக்காரர் கோபத்தில் ஆடினார். கோபத்தில் அவருக்கு ஆட்டம் நன்றாக வந்தது. எதிராளியின் அடுக்கு எவ்வளவு உயரம் என்று காட்டும் கோடு திரையின் ஓரத்தில் ஏறிக்கொண்டே போனது. மாடியிலிருந்து சிணுங்கல் கேட்டது. ஆட்டம் நின்றது, தொடர்ந்தது. மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் நின்று தொடர்ந்தபோது கோடு முக்கால் உயரத்தில் இருந்தது.

"இன்னும் அஞ்சு வரிசை," என்று முணுமுணுத்தார். "அப்புறம் ஒன்பதுக்குப் பன்னிரண்டுன்னு பிடிச்சுடலாம்."

அப்போதுதான் குழந்தை வீறிட்டது. இதுவரை அழுத மாதிரி இல்லை. ஆட்டம் நிற்கவில்லை, நிறுத்த அவளுக்கு இனி உரிமை இல்லை. கோடு ஏறியது. மாடியில் தாலாட்டும் குரல், நடுவில் பட்டன் சத்தம், மறுபடி குரல்.

கண்ணாடிக்காரரின் கட்டைவிரல் அசைந்தது.

ஆட்டம் நின்றது.

கொசுறு எட்டிப் பார்த்தான். இந்தத் தடவை நிறுத்தியது கீழேயிருந்து. மாடியில் ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு காலடிகள், அங்கும் இங்கும் நடை, மெல்ல மெல்ல அடங்கும் அழுகை. கண்ணாடிக்காரர் நோட்டை இழுத்து, இருபது பூஜ்யங்களுக்குக் கீழே ஒன்று என்று எழுதினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தைத் துடைத்தார். முழு அமைதி வந்து, அதற்கு மேலும் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, பட்டனை அழுத்தினார்.

அதற்குப் பிறகு ஆட்டம் நீளவில்லை. அவருடைய கட்டைகள் இடறின, ஓட்டை விட்டன, குறுக்கே நின்றன. நாலே நிமிடத்தில் அடுக்கு உச்சியைத் தொட்டது.

"விட்டுக் குடுத்தீங்களா சார்?" என்றான் கொசுறு.

"நானா? முழு மூச்சா ஆடினேன்யா."

தராசு அவர் முகத்தை ஒரு தடவை எடை போட்டார்.

கண்ணாடிக்காரர் போனை எடுத்து எண்ணைத் தட்டினார். வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி தட்டினார். மறுபடி அதே.

"அவர் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கார்," என்றார் தராசு. "ஒரு நிமிஷம் சும்மா இருங்க."

போன் அடித்தது. அவர் தடவித் தடவி எதையோ அழுத்த, ஒலிபெருக்கி உயிர்பெற்றது. மூன்று வருஷத்துக்குப் பிறகு சம்பந்தியின் குரல் கூடம் முழுக்க நிறைந்தது.

"சம்பந்தி." ஒரு இருமல். "ஏழாவது விதிப்படி கூப்பிடறேன். நீங்க ஜெயிச்சுட்டீங்க. ஒத்துக்கறேன். பேத்திக்கு உங்க அம்மா பேரையே வெச்சுடுங்க."

மாடிப்படியின் மேல்படியில் மகள் நின்றிருந்தாள், தோளில் குழந்தையோடு. கண்ணாடிக்காரரின் வாய் திறந்தது. சரி என்று ஒரு சொல் போதும். அம்மாவின் பெயர் நாளைக் காலை பதினோரு மணிக்கு அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிடும்.

"கேக்குதா சம்பந்தி?" என்றது போன்.

"கேக்குது." அவர் தொண்டையைச் செருமினார். "நானும் பதிமூணு தோத்துட்டேன்."

"என்னது?"

"உங்க மாடியில யார் இருக்காங்கன்னு ஏறிப் பாருங்க. போனை வைக்காதீங்க."

கடலுக்கு அப்பால் செருப்புச் சத்தம் படி ஏறியது. ஒரு கதவு திறந்தது. "அப்பா, அது வந்து..." என்று ஒரு ஆண் குரல். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு சிரிப்பு கிளம்பி, பெரிதாகி, இந்தப் பக்கமும் தொற்றிக்கொண்டது.

"நான் தினம் பேட்டரி மாத்தினேன் சம்பந்தி," என்றது போன், மூச்சு வாங்க.

"நானும்தான்."

"ஃபாரத்துல அவங்களே எழுதட்டும். என்ன சொல்றீங்க?"

"எழுதட்டும். ஆனா செல்லப்பேர்னு ஒண்ணு வேணுமே. வீட்டுல கூப்பிடறதுக்கு."

மறுமுனை உஷாரானது. "அக்கா பேரைச் சுருக்கினா ரொம்ப அழகா வரும்."

"எங்க அம்மா பேரைச் சுருக்க வேண்டிய அவசியமே இல்ல. நாளைக்கு ஆறு மணி. முதல்ல பதிமூணு. ஒன்பதாவது விதி ஒண்ணு சேர்க்கணும்: மூடில நம்பர் நூறுக்குக் கீழ வந்தா ஆட்டம் செல்லாது."

"எழுதி அனுப்புங்க. பதிவுத் தபால்ல."

மகள் படி இறங்கி வந்தாள். குழந்தையை அப்பாவின் மடியில் வைத்தாள். பிறகு, அவர் நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்த தடிமனான கண்ணாடியை இரண்டு விரலால் பிடித்து, மூக்கின்மேல் இறக்கி விட்டாள்.

"நாளைக்காவது போட்டுக்கிட்டு ஆடுங்கப்பா."

கொசுறு தராசின் பக்கம் சாய்ந்தான். "மேடம், நம்ம தொழிலுக்குப் போட்டி வந்தாச்சு. இந்தப் பொண்ணு துப்பறிய வந்தாங்கன்னா நம்ம கடையை மூடிட வேண்டியதுதான்."